கடலுக்குப் பக்கத்து வீடு

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் புவியியல்)

நம் கல்லூரி விடுதியில் தங்கிப் பயிலும் என் தோழி ஒருத்தி தருமபுரி மாவட்டத்துக்காரி. முதலாம் ஆண்டில் வந்து சேர்ந்த புதிதில், என் வீடு திருவல்லிக்கேணியில் இருக்கிறது, மெரினாவுக்குப் பத்து நிமிட நடைதான் என்று அறிந்ததும், ஏதோ ஜமீன் வாரிசைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அதே தோழி ஒருநாள் சாவகாசமாகக் கேட்டாள்: "தினமும் அதே கடல், அதே அலை. உங்களுக்கெல்லாம் அலுத்துப் போகாதாடி?"

எனக்கு அப்போது பதில் வரவில்லை. ஆண்டு மலருக்குக் கட்டுரைகள் வேண்டும் என்னும் அறிவிப்பைப் பலகையில் கண்டதும், அந்தப் பதிலையே எழுதித் தந்துவிடலாம் என்று துணிந்தேன். பிழை இருப்பின் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடலருகே குடியிருப்பது கவிஞர்கள் பாடுவதுபோல் எந்நேரமும் இன்பமயமானதன்று. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு ஆண்டுதோறும் வண்ணம் பூசியும் துரு விடுவதில்லை. மிதிவண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டே அப்பாவின் கை கறுத்துவிட்டது. உப்பு ஜாடி எப்போதும் ஈரம். காலையில் பொரித்த அப்பளம் மதியத்திற்குள் துணிபோல் துவண்டுவிடும். இத்தனைக்கும் காரணம் காற்றில் கலந்து வரும் உப்பு நீர்த்துளிதான் என்று புவியியல் மாணவியாகிய நான் வீட்டில் விளக்கினால், "தெரிஞ்சு என்ன செய்ய, டப்பாவை இறுக்கி மூடு" என்பார் அம்மா.

ஆனால் அதே காற்றுக்காகத்தான் சித்திரை, வைகாசியில் எங்கள் தெருவே தவம் கிடக்கும். வெயில் ஏற ஏறத் தரை விரைவாகச் சூடேறுகிறது. கடல் அவ்வளவு விரைவில் சூடாவதில்லை. தரையின் மேலுள்ள காற்று வெம்மையால் இலேசாகி மேலே எழ, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது. பள்ளிப் பாடநூலில் கடற்காற்று என்று நாம் எல்லோரும் படித்ததுதான். படிப்பது வேறு, முகத்தில் வாங்குவது வேறு. நண்பகல் வாக்கில் மாடிக் கொடியில் அசையாமல் தொங்கிய சேலை திடீரென்று மேற்கு நோக்கி எழும். சுவரிலுள்ள நாட்காட்டித் தாள் படபடக்கும். "வந்துடுச்சு" என்று திண்ணையில் யாரோ சொல்வார்கள். எது வந்தது என்று யாரும் கேட்பதில்லை. சில நாட்களில் மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று வலுத்து நின்று, கடற்காற்றை உள்ளே விடாமல் பிற்பகல் வரை தடுத்துவிடும். சென்னையில் வெப்பநிலை 40 பாகையைத் தாண்டும் நாட்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதாம்.

விடியற்காலையில் கடற்கரைக்குப் போனால் அது வேறோர் உலகம். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள், அருகம்புல் சாறு விற்பவர்கள், கைகொட்டிச் சிரிக்கும் கூட்டத்தார், காவல்துறைக் குதிரைகள் எல்லாம் இருக்கும். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து நமக்கும் சிரிப்பு வந்துவிடுவதால் அந்தப் பயிற்சி பயனுடையது என்றே கொள்ள வேண்டும். மாலை மெரினாவை நான் விவரிக்கப் போவதில்லை. தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் பலூன் சுடுவதும் திரைப்படங்களிலேயே போதுமான அளவு வந்துவிட்டன.

எனக்குப் பிடித்தது ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போவது. நொச்சிக்குப்பத்து லூப் சாலையில் முன்பு ஓரமாகத் தரையில் கடை விரித்திருப்பார்கள். 2024 ஆகஸ்டில் அங்கே புதிய அங்காடி திறக்கப்பட்டது. கண்ணாடியிழைப் படகுகள் கரை சேர்ந்ததும் சங்கரா, நெத்திலி, வஞ்சிரம், கானாங்கெளுத்தி என்று கூறுகூறாக வந்து விழும். செவுளைத் தூக்கிப் பார், சிவந்திருக்க வேண்டும். கண் தெளிந்திருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கக் கூடாது. இம்மூன்றும் அம்மா எனக்குக் கற்பித்த பாடம். அம்மா மீனவர் குப்பத்தில் பிறந்தவர் ஆகையால் விலை பேசும்போது தனி மொழி ஒன்று வெளிப்படும். அதை இம்மலரில் அச்சிட இயலாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. மீன் இனம் பெருகுவதற்காக அரசு வகுத்த விதி. அந்நாட்களில் சிறு படகு மீனுக்கு விலை ஏறிவிடும். எங்கள் வீட்டில் கருவாடு பேசத் தொடங்கும்.

கடலை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதிலும் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. கரையில் நிற்கும் ஒருவர் கண்ணுக்குத் தொடுவானம் ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. கடலுக்கு முடிவே இல்லை என்று மலைக்கிறோமே, நாம் பார்ப்பது திருவல்லிக்கேணியிலிருந்து தியாகராய நகர் போகும் தூரம்தான்! துறைமுகத்தில் இடம் கிடைக்கக் காத்து நிற்கும் கப்பல்கள் அதற்கும் அப்பால் இருந்தால், உடல் மறைந்து மேற்பகுதி மட்டும் தெரியும். பூமி உருண்டை என்பதற்கு இதைவிட மலிவான சோதனை கிடையாது. 1977 ஆம் ஆண்டு முதல் மெரினாவின் தென்கோடியில் ஒளிவீசி வரும் கலங்கரை விளக்கத்தின் மேல்மாடத்தில் நின்றால், அதே தொடுவானம் இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் தள்ளிப் போய்விடும்.

கப்பல் என்றதும் எம்டனைச் சொல்லாமல் விட முடியாது. 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று குண்டு பொழிந்ததில், துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. கப்பல் போய்விட்டது, சொல் தங்கிவிட்டது. "அவன் சரியான எம்டன்" என்று நாம் இன்றும் சொல்கிறோம். என் காலத்திலும் ஒரு கப்பல் பார்த்தேன். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் 'பிரதிபா காவேரி' என்னும் எண்ணெய்க் கப்பல் நங்கூரம் நழுவிப் பெசன்ட் நகர்ப் பக்கம் தரைதட்டியது. நான் அப்போது இரண்டாம் வகுப்பு. அப்பா தோளில் தூக்கிக் காட்டினார். ஊரே திருவிழாபோல் திரண்டிருந்தது, சுண்டல்கூட விற்றார்கள். அக்கப்பலிலிருந்து தப்ப முயன்ற மாலுமிகள் சிலர் கடலில் மாண்டார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு: முழங்காலுக்கு மேல் நீர் ஏறக் கூடாது. வெளியூரிலிருந்து வரும் நண்பர்கள் இதைச் சிறிது கவனிக்க வேண்டும். மெரினாவில் அடித்தளம் திடீரென்று சரிகிறது. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் நீர் திரும்பிப் போக வேண்டுமன்றோ? அது சில இடங்களில் ஒன்றுசேர்ந்து குறுகிய ஓடைபோல் கடலுக்குள் விரைகிறது. அந்த இடத்தில் அலை உடையாமல் அமைதியாகத் தெரிவதால், பாதுகாப்பானது என்றெண்ணி அங்கேயே இறங்குகிறார்கள். அகப்பட்டுக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தலாகாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து விலக வேண்டும். நீந்தத் தெரியாதவர்கள் மணலில் இருப்பதே நலம். மணலுக்கு அங்கே பஞ்சமில்லை.

இந்த மணலைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

சிறுமியாக இருந்தபோது பழைய ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி மெரினா மணலில் இழுத்துக்கொண்டே நடப்பேன். கறுப்பு மணல் மீசைபோல் அதில் ஒட்டிக்கொள்ளும். மணலில் கலந்துள்ள மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமம் அது. அலை பின்வாங்கிய இடங்களில் கறுப்பும் செம்மையுமாகக் கோடுகள் தெரிகின்றனவே, அவையும் இத்தகைய கனமான கனிமங்களே. கனமில்லாத வெண்மணலை அலை அள்ளிச் சென்றுவிட, இவை பின்தங்கிவிடுகின்றன. ஆக, மணல் ஓரிடத்தில் இருப்பதன்று, நடப்பது என்பது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. மெரினா ஆதி காலந்தொட்டு அங்கேயே கிடக்கிறது என்றுதான் எண்ணியிருந்தேன்.

உண்மை அதுவன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வளவு அகலமான மணல்வெளி இங்கே இல்லை. கப்பல்கள் வெளியே ஆழ்கடலில் நிற்கும். ஆட்களும் சரக்குகளும் மசூலாப் படகுகளில் கரை சேர்வார்கள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். 1842 இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. கட்டிய காலத்தில் கடல் அதற்கு மிக அருகில் இருந்தது. இன்று அங்கிருந்து அலையைத் தொட வேண்டுமானால் சாலையைக் கடந்து, மணலில் கால் புதைய நெடுந்தூரம் நடக்க வேண்டும். சில இடங்களில் மணல்வெளியின் அகலம் 400 மீட்டர் வரை உண்டு.

மாற்றம் துறைமுகத்தால் வந்தது. 1876 இல் பணி தொடங்கியது. கடலுக்குள் நீளும் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. 1881 நவம்பர்ப் புயல் அவற்றைச் சிதைத்தும், மீண்டும் கட்டினார்கள். 1881 முதல் 1886 வரை ஆளுநராயிருந்த கிராண்ட் டஃப், 1884 இல் கடற்கரையோரம் உலாவும் பாதை அமைத்து, இத்தாலிய நாட்டுச் சிசிலித் தீவின் நினைவாக மெரினா என்று பெயரும் வைத்தார். பெயர் அவருடையது. மணல் துறைமுகத்தினுடையது.

இது எவ்வாறு என்பதை இரண்டாம் ஆண்டில் எங்கள் விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு கோடு போட்டு விளக்கினார். ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து நம் கரையில் மோதுகின்றன. அலை ஏறும்போது மணற்பருக்கையைச் சாய்வாக மேலே தள்ளுகிறது. வடியும்போது நேராகக் கீழே இறக்குகிறது. அடுத்த அலை மறுபடி சாய்வாகத் தள்ளும். இப்படி வாளின் பற்களைப்போல் ஏறி இறங்கி, ஒவ்வொரு பருக்கையும் வடக்கு நோக்கி நடக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் இது தெற்கே திரும்பினாலும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் பயணம் வடக்குதான். கூவத்தின் முகத்துவாரத்தை அடிக்கடி மணல் அடைப்பதும் இதனால்தான். (அந்த அடைப்பின் விளைவை நேப்பியர் பாலத்தில் பேருந்து நிற்கும்போது நாம் எல்லோரும் மூக்கால் அறிந்திருக்கிறோம்.)

நடுவே ஒரு சுவரை எழுப்பினால்? தெற்கிலிருந்து வரும் மணல் அங்கே நின்றுவிடும். ஆண்டுக்காண்டு குவியும். சுவருக்கு வடக்கே அலையின் வேலை மட்டும் நிற்காது. அது அங்குள்ள மணலை வழக்கம்போல் மேலும் வடக்கே எடுத்துச் செல்லும். ஆனால் அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து புது மணல் வராது. விரிவுரையாளர் கோட்டின் நடுவில் ஒரு சதுரம் போட்டு, "துறைமுகம்" என்றார். சதுரத்தின் கீழே கோடிட்டு நிரப்பி, "சேருமிடம்" என்று எழுதினார். மேலே கோட்டை உள்ளே வளைத்து, "அரிக்குமிடம்" என்று எழுதினார். அனைவரும் குறிப்பேட்டில் வரைந்துகொண்டோம். ஐந்து மதிப்பெண் வினா.

என் கை பாதியில் நின்றுவிட்டது. கீழே இருந்தது எங்கள் வீடு. மேலே இருந்தது ஆயாவின் வீடு.

ஆயா, அதாவது என் அம்மாவைப் பெற்றவர், திருவொற்றியூர்ப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் இருக்கிறார். ராயபுரம், காசிமேடு தொடங்கி எண்ணூர் வரை அந்தக் கரை முழுவதையும் கடல் தலைமுறை தலைமுறையாகத் தின்று வந்திருக்கிறது. அம்மா ஐந்தாம் வகுப்புப் படித்த ஆண்டு ஐப்பசியில் அவர்கள் வீடு போயிற்று. ஒரே இரவில் அன்று. முதலில் வலை உலர்த்தும் மணல் போயிற்று; பிறகு முன்னாலிருந்த தெரு; பிறகு மாரியம்மன் மேடை; கடைசியாக வீட்டின் கிழக்குச் சுவர். "கடலம்மா கோவம்" என்றுதான் அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். அன்று மாலை நான் குறிப்பேட்டை அம்மாவிடம் காட்டினேன். அம்மா அந்தச் சதுரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நாம தினம் நடக்குற மணலு..." என்று தொடங்கி, முடிக்காமல் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

துறைமுகம் வேண்டாதது என்று நான் சொல்ல வரவில்லை. அதனால் வாழும் குடும்பங்கள் ஆயிரம் ஆயிரம். எங்கள் தெருவிலும் இருக்கின்றன. ஆனால் மெரினாவைப் பற்றிப் பெருமை பேசும் கட்டுரைகளில் வடக்குக் கரையைப் பற்றி ஒரு வரியாவது இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது அங்கே கருங்கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். மணலைப் பிடித்து நிறுத்தக் கடலுக்குள் கற்கரைகளும் நீட்டியிருக்கிறார்கள். தூண்டில் வளைவு என்று பெயர். நல்ல பெயர்தான். வளைவின் தெற்கே மணல் சேரும். அதன் வடக்கே, அடுத்த குப்பத்தில், பழைய கதை சிறிய அளவில் தொடங்கும்.

மணல் போனால் என்ன, கல்மேல் உட்கார்ந்தும் கடலைப் பார்க்கலாமே என்று கேட்கலாம். படகை இழுத்துப்போட மணல் வேண்டும். வலை விரிக்க, கருவாடு காய வைக்க, பிள்ளைகள் பந்து விளையாட மணல் வேண்டும். ஆமைக்கும் வேண்டும். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் நம் கரைக்கு வந்து குழி தோண்டி முட்டையிடுகின்றன. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து முட்டைகளைக் காக்கிறார்கள். நானும் ஓர் இரவு அவர்களுடன் நடந்தேன். அன்று ஆமை வரவில்லை. கால் வலிதான் வந்தது. ஆயினும் நள்ளிரவில் ஆளில்லாத கரையில் நடந்த அந்த இன்பத்தை எதற்கும் ஈடாகச் சொல்ல மாட்டேன்.

இரவுக் கடலில் இன்னொன்றும் கண்டிருக்கிறேன். 2019 ஆகஸ்டில் திருவான்மியூர்ப் பக்கம் அலைகள் நீல நிறத்தில் ஒளிர்ந்தன. நொக்டிலூகா என்னும் ஓரணு உயிரிகள் கோடிக்கணக்கில் கூடி, அலை அசைக்கும்போது ஒளி விடுகின்றன. நாங்கள் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. ஈர மணலில் கால் வைத்த இடமெல்லாம் பொறி பறந்தது. அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சிறுபிள்ளைபோல் குதித்தார்.

அலுத்துப் போகாதா என்ற கேள்விக்கு வருகிறேன். சென்ற மாதம் பௌர்ணமியன்று அந்தத் தோழியை மெரினாவுக்கு அழைத்துப் போகாமல் ஆயா வீட்டுக்கு அழைத்துப் போனேன். பௌர்ணமியில் சூரியன் மேற்கே விழும் நேரத்திலேயே நிலவு கிழக்கே எழும். மறுநாள் முதல் நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தாமதமாகும். ஆகையால் நாள் பார்த்துப் போவது முக்கியம். கற்சுவரின்மேல் மூவரும் உட்கார்ந்திருந்தோம். கல்லிடுக்குகளில் நண்டுகள் எட்டிப் பார்த்தன. பையன்கள் இருவர் நரம்பு வீசி மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆயா கையை நீட்டி, அலை புரளும் ஓரிடத்தைக் காட்டி, "அதோ, அங்கதான் உங்கம்மாவுக்குத் தொட்டில் கட்டினது" என்றார். தோழி அந்த இடத்தையே பார்த்தாள். தண்ணீர்தான் இருந்தது.

"எங்க வீட்டாண்ட வந்து இருந்துடேன் ஆயா" என்று நான் வழக்கம்போல் கேட்டேன்.

"அங்க மண்ணைத் தாண்டிக் கடலாண்ட போறதுக்குள்ள மூட்டு கழண்டுடும்மா. இங்க படுத்தா அலை காதுல உழுது. அது போதும்."

நிலவு மேலே வந்தது. முதலில் செம்பு நிறத்தில், சற்று நசுங்கினாற்போல். யாரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு ஆயா தோழியிடம் திரும்பி, "உங்க ஊர்ல என்னம்மா இருக்குது?" என்று கேட்டார்.

"மலை இருக்கு ஆயா."

"அது அப்படியே இருக்குதா?"

தோழி யோசித்தாள். "ஒரு பக்கம் உடைக்கிறாங்க, ஆயா. கல்லுக்கு."

ஆயா உட்கார்ந்திருந்த கல்லை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, நேரமாகிறது என்று எங்களை எழுப்பினார். புறப்படும்போது தோழிக்கு ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தார். விடுதியில் இரண்டு நாட்கள் அதன் மணம் வீசிற்று. காப்பாளர் அம்மையார் விசாரித்தபோது, அது எங்கிருந்து வந்தது என்று யாருமே சொல்லவில்லையாம்.